நடுவில் இருந்த முப்பது பேர்

அவரிடம் போய், "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காக" என்று சொல்லிவிட்டுத் தப்பித்துவிட முடியாது.

"எல்லாரும்னா யாரு யாரு?" என்பார்.

சும்மா வாய்வார்த்தைக்குக் கேட்பதில்லை. கையில் இருக்கும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். நான் அம்மாவில் தொடங்குவேன். அம்மாவுக்கு மூட்டுவலி என்றால் எந்தக் காலில், மழை பெய்தால் கூடுகிறதா என்று வரும். பிறகு அய்யா. பிறகு தம்பி. பிறகு ஆண்டிபட்டியில் கட்டிக்கொடுத்த அக்கா, அவள் வீட்டுக்காரர், அவருடைய தறி, இரண்டு பிள்ளைகள். கடைசிப் பிள்ளையின் சளி வரைக்கும் சொல்லி முடித்த பிறகுதான், "அப்பச் சரி, எல்லாரும் நல்லா இருக்காக" என்று அவராகவே சொல்லிப் பென்சிலை எடுப்பார். எங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் என்று அதுவரை நானே ஒழுங்காக எண்ணிப் பார்த்தது கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் தேனியில் ஒரு நூல் மில்லில் நான் வேலை பார்த்தேன். அங்கேதான் அவரும் இருந்தார். மில்லுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியபோது அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர். போடியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள். கணக்கில் பட்டம் வாங்கி, கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்திருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். மில்லில் எல்லாருக்கும் அவர் கம்ப்யூட்டரம்மா. எனக்கு மட்டும் அக்கா. அதுகூட அவர் சொல்லித்தான் அப்படிக் கூப்பிட்டேன்.

நான் பத்தாவதோடு நின்றவள். ஆட்களை முகம் பார்த்துப் பேச வராது. அதனால் எனக்குக் கொடுத்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. ஷெட்டில் நூல் நூற்கும் நீளமான இயந்திரங்கள் நாற்பது இருந்தன. பிரேம் என்போம். ஒவ்வொரு பிரேமிலும் நூற்றுக்கணக்கில் நூல் ஓடும், அடிக்கடி அறும். பிரேமைப் பார்த்துக்கொள்கிற பெண் நடந்துகொண்டே அறுந்ததை ஒட்டுவாள். நான் அட்டையும் பென்சிலுமாகப் பின்னால் நடந்து, எந்தப் பிரேமில் எத்தனை அறுந்தது என்று எண்ணிக் கட்டத்தில் எழுதுவேன். ஷெட்டின் இரைச்சலில் யாரும் என்னிடம் பேச முடியாது. நானும் பேச வேண்டியதில்லை. ஷிப்ட் முடிந்ததும் அந்தத் தாளைக் கம்ப்யூட்டர் அறையில் கொடுத்துவிட்டுப் போவேன்.

முதல் நாள் அந்த அறைக்கு வெளியே வெகுநேரம் நின்றேன். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. செருப்பை வெளியே விட வேண்டும். தலையெல்லாம் பஞ்சோடு உள்ளே போவதா என்று தயங்கினேன். அவர்தான் கதவைத் திறந்து, "பஞ்சு மில்லுல பஞ்சு இருக்கும். உள்ள வாத்தா" என்றார்.

உள்ளே, கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்த கோயமுத்தூர்க்காரர் இருந்தார். கருப்புத் திரையில் பச்சை எழுத்தாக ஏதோ ஓடியது. ஒரு மாதத் தாள்களை உள்ளே ஏற்றினால், நாளுக்கு ஒரு வரி, பிரேமுக்கு மேலிருந்து கீழாக ஒரு பத்தி என்று அகலமான அட்டவணை ஆகுமாம். ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை நாள் பதிவாகியிருக்கிறது, எத்தனை நாள் விட்டுப்போயிருக்கிறது, குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு, சராசரி எவ்வளவு என்று கம்ப்யூட்டரே சுருக்கிச் சொல்லிவிடுமாம். கோயமுத்தூர்க்காரர் மாதிரிக்கு ஒரு பொத்தானை அமுக்கிக் காட்டினார். முதல் ஐந்து பிரேம்களின் விவரம் வந்தது. அப்புறம் வரிசையாகச் சில புள்ளிகள். அப்புறம் கடைசி ஐந்து பிரேம்கள்.

"இந்தப் புள்ளி எதுக்கு சார்?" என்று அக்கா கேட்டார்.

"ஸ்கிரீன் அகலம் அவ்வளவுதானுங்க. மொதல்ல அஞ்சு, கடைசில அஞ்சு காட்டுமுங்க. நடுவுல இருக்கறதும் அதே மாதிரிதான் இருக்கும்."

"அதே மாதிரிதாண்டு யாரு பாத்தா?"

"யாரும் பாக்க வேண்டியதில்லீங்க. கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

அக்கா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்தப் புள்ளிக்குள்ள முப்பது பேரு நிக்கிறாக சார்."

கோயமுத்தூர்க்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முப்பது பேரையும் எனக்குத் தெரியும்.

அவருக்கு எதிலும் நடுவை விட்டுவிட்டுப் போக வராது. ஒருமுறை சின்னமனூரில் ஒரு கல்யாணத்துக்கு அவரோடு பஸ்ஸில் போனேன். கண்டக்டர், "சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்" என்று கூவினார். இவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "வீரபாண்டி நிக்குமா? கோட்டூர்? சீலையம்பட்டி?" என்று கேட்டார்.

"நீங்க எங்கனம்மா எறங்கணும்?"

"சின்னமனூரு."

"அதான் சொல்லிட்டேன்ல? பெறகு சீலையம்பட்டில ஒங்களுக்கு என்ன சோலி?"

"எனக்கு இல்ல. அங்கன எறங்குறவுக கீழ நிக்கிறாகள்ல?"

உண்மையிலேயே மூட்டையோடு ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார்.

அவர் அப்பா ஏலக்காய் வாங்கும் விதத்தை எனக்கு ஒருமுறை சொன்னார். மற்ற வியாபாரிகள் மூட்டையின் மேலே ஒரு கை, அடியில் ஒரு கை அள்ளிப் பார்ப்பார்களாம். அப்பா மட்டும் மூட்டை முழுவதையும் தரையில் கொட்டச் சொல்வாராம். "கொட்டி அள்ளுறதுக்குள்ள பொழுது போயிரும். கடைத்தெருவே எங்க அப்பாவப் பாத்துச் சிரிக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது வருத்தமா பெருமையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மில்லிலும் சிரித்தார்கள். எங்கள் மேஸ்திரி, "கம்ப்யூட்டரம்மா பந்தில உக்காந்தா பாயசம் வர்றதுக்குள்ள மறுநா விடிஞ்சுரும். எலையில வச்சது ஒவ்வொண்ணையும் பேரு சொல்லிக் கூப்பிட்டுத்தான் சாப்பிடுவாக" என்பார். காதில் விழுந்தாலும் அவர் கோபித்துக்கொண்டதில்லை.

அந்தப் புள்ளிகளை அவர் ஒழித்த விதம் இன்றைக்கும் எனக்கு அதிசயம்தான். ஒரு நாள் என் கையிலிருந்த அட்டையை வாங்கினார். "அகலத்துல எடம் பத்தலேண்டுதான சொல்றாக? நீளத்துல எம்புட்டு வேணும்னாலும் இருக்குல்ல?" என்று அட்டையைத் திருப்பிப் பிடித்தார். படுத்துக் கிடந்த நாற்பது கட்டமும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுந்து நின்றன. அவ்வளவுதான். பத்திகளைப் பக்கவாட்டில் பரப்பாமல், பத்திக்கு ஒரு வரியாகக் கீழே கீழே இறக்கிவிட்டால் எதையும் மறைக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் புரிகிற சங்கதி. ஆனால் அதற்கு முன்னால் யாரும் அட்டையைத் திருப்பவில்லை. அதற்கான புரோகிராமை எழுத அவருக்குச் சில வாரங்கள் ஆயின. பத்திகளுக்கெல்லாம் ஒன்றிலிருந்து நாற்பதுவரை அவரே பெயர் வைத்தார்.

திரையில் ஓடவிட்டால் நாற்பது வரியும் நிற்காது. மேலே ஏறி மறைந்துவிடும். "ஓடிப்போறதப் படிச்சேண்டு சொல்லக் கூடாது" என்று தாளில் அடிக்க மேனேஜரிடம் அனுமதி கேட்டார்.

"நாப்பது வரிய யாரும்மா ஒக்காந்து படிக்கிறது?"

"நான் படிக்கிறேன் சார்."

"மொதலாளிக்கு ஒரே வரி போதும். எந்தப் பிரேம் ரொம்ப மோசம்? அத மட்டும் அடிச்சுக் குடுங்க. பேப்பரு மதுரையில இருந்து வருது."

அப்படியே அடித்துக் கொடுத்தார். அந்த ஒரு வரிதான் முத்துப்பேச்சியின் தலையில் விழுந்தது.

காலை ஷிப்டில் அதிகமாக நூல் அறுவது இருபத்து மூன்றாம் பிரேம் என்று வந்தது. இருபத்து மூன்றில் நின்றவள் முத்துப்பேச்சி. தற்காலிக ஆள். இன்னும் இரண்டு வாரம் போனால் நிரந்தரமாகியிருப்பாள். அவள் வீட்டுக்காரர் மேகமலை எஸ்டேட்டில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு அடிபட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி வந்து, "ஏத்தா முத்துப்பேச்சி, கம்ப்யூட்டர்ல ஒன் நம்பரு வந்துருச்சு. சனிக்கிழமையோட நின்னுக்க" என்றார்.

"நான் அது மொகத்தக்கூடப் பாத்ததில்லையேண்ணே. அதுக்கு எம்மேல என்ன கோவம்?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே அழ ஆரம்பித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏடி, எண்ணுனது நீதான? எனக்கு அம்புட்டா அறுந்துச்சு?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் கை வேகமான கை என்பது எனக்குத் தெரியும். அவள் பிரேமில் நான் அதிகமாக எழுதியதாக ஞாபகமே இல்லை. என் கண்ணால் எண்ணி, என் கையால் எழுதியது. இருந்தும் கம்ப்யூட்டர் ஒன்றைச் சொல்லிவிட்ட பிறகு, என் கண்ணைத்தான் நான் சந்தேகப்பட்டேன். டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் மத்தியானம் தாளைக் கொடுக்கப் போனபோது, "என்னாத்தா, மொகம் சரியில்ல?" என்று அவர் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே முத்துப்பேச்சியைப் பற்றிச் சொன்னேன். சனிக்கிழமை என்று சொன்னேன்.

"ஒரு வரி அடிச்சதுக்கு ஒரு ஆளா?" என்றார். பிறகு குப்பைக்கூடையில் கிடந்த பழைய தாள்களை எடுத்தார். ஒரு பக்கம் அடித்து முடித்த தாள்கள். அவற்றைப் புரட்டி, வெற்றுப்பக்கம் மேலே வரும்படி பிரிண்டரில் மாட்டினார். "இது மதுரையில இருந்து வந்த பேப்பரு இல்ல. கூடையில இருந்து வந்தது" என்றார்.

பிரிண்டர் கிரீச்சிட்டுக்கொண்டே நாற்பது வரியையும் அடித்தது. என்னை உட்காரச் சொன்னார். ஒரு மர ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைத்து, பைபிள் வாசிப்பதுபோல நிறுத்தி வாசித்தார்.

"ஒண்ணாம் பிரேமு. இருபத்தாறு நாளு இருக்கு, விட்டுப்போனது இல்ல. கொறஞ்சது நாலு, கூடுனது பதினொண்ணு, சராசரி ஏழு."

ஸ்கேல் ஒரு வரி இறங்கியது. இரண்டு. மூன்று. நான் நடந்த நடையெல்லாம் அதில் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெண்ணின் முகம் எனக்குத் தெரிந்தது. யாரையும் அவர் வேகமாகத் தாண்டவில்லை.

"எட்டாம் பிரேமு. இருபத்தாறு நாளு இருக்கு, விட்டுப்போனது இல்ல. கொறஞ்சது அஞ்சு…"

எனக்குள் ஏதோ இடறியது. அவர் ஒன்பதுக்குப் போனார். பத்துக்குப் போனார். சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது, நாக்கு எழவில்லை. பன்னிரண்டாம் வரியில் அவரே ஸ்கேலை நிறுத்தினார்.

"என்னமோ சொல்ல வர்ற. சொல்லு."

"எட்டு இல்லக்கா."

"என்ன இல்ல?"

"எட்டாம் நம்பரு பிரேமே கெடையாதுக்கா. மொதலாளிக்கு எட்டு ஆகாதாம். ஏழுக்கு அடுத்து ஒம்பதுண்டுதான் எழுதியிருக்கு."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப இந்த இருபத்தாறு நாளும் யாரோடது?"

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. கம்ப்யூட்டருக்காகப் புதிதாக அடித்த தாளில் நாற்பது கட்டம் இருக்கும். கட்டத்துக்கு மேலே எண் இருக்காது. நான் நடக்கிற வரிசையில் எழுதிக்கொண்டே போவேன். எட்டாவது கட்டத்தில் நான் எழுதியது ஒன்பதாம் பிரேமின் கணக்கு.

"எல்லாம் ஒண்ணு தள்ளிப்போச்சுண்டா, கடைசிக் கட்டம் காலியாவுல்ல இருக்கணும்?" என்றார்.

"முப்பதுக்கும் முப்பத்தொண்ணுக்கும் நடுவுல பழைய பிரேமு ஒண்ண வாங்கிப் போட்டாகக்கா. அதுக்கு 'முப்பது ஏ'ண்டு பேரு."

அவர் பென்சிலால் தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தார். ஏழு வரைக்கும் சரி. முப்பத்தொன்றிலிருந்து கடைசி வரைக்கும் சரி. இடையில் எட்டாம் கட்டத்திலிருந்து இருபத்தொன்பதாம் கட்டம் வரை எல்லாம் அடுத்த பிரேமுக்கு உரியவை; முப்பதாம் கட்டம் 'முப்பது ஏ'யுடையது. திரை காட்டிய முதல் ஐந்தும் கடைசி ஐந்தும் அப்பழுக்கில்லாமல் சரியாக இருந்தன. தப்பு முழுவதும் புள்ளிகளுக்குள் இருந்தது.

"அப்ப முத்துப்பேச்சி இருபத்திரண்டாவது வரி" என்று ஸ்கேலை இறக்கினார். "கொறஞ்சது ரெண்டு. கூடுனது எட்டு. சராசரி நாலு. நல்ல கையில்ல இது?"

நான் அழுதுவிட்டேன். சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். மோசம் என்று வந்த இருபத்து மூன்றாம் கட்டம் உண்மையில் இருபத்து நாலாம் பிரேம் என்றால், இனி அங்கே நிற்கிறவளைத்தான் நிறுத்துவார்கள்.

"இருபத்து நாலுல யாரு?" என்று கேட்டார்.

"சொல்ல மாட்டேங்க்கா." வாழ்க்கையில் நான் ஒருவரிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவருக்குக் கோபம் வரவில்லை. "சரிதான். பேரு எனக்கு வேணாம்" என்று மறுபடி கூடையிலிருந்து தாள் எடுத்து மாட்டினார். மற்ற இரண்டு ஷிப்டுகளின் தாள்களும் அதே கட்டங்களில்தான் எழுதப்பட்டிருந்தன. அவற்றின் கணக்கையும் முழுதாக அடித்தார். முதல் வரியிலிருந்தே வாசித்தார். மூன்று ஷிப்டிலும் அதே இடத்தில்தான் அதிகமாக அறுந்திருந்தது.

"மூணு ஆளு மாறி மாறி நிக்கிறாக, ஒரே எடத்துல அறுகுதுண்டா அது மிஷினுத்தா, ஆளு இல்ல."

மூன்று தாளையும், கையால் எழுதிய ஒரு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். நான் கதவோரம் நின்றேன்.

மேனேஜர் எட்டைப் பார்த்ததும் பதறிவிட்டார். "ஐயையோ, எட்டா? மொதலாளி கண்ணுல படாம மொதல்ல அத அடிச்சு விடுங்கம்மா." பிறகு நிதானமாகி, "கட்டத்த மாத்தி எழுதுனது யாரு?" என்று என்னைப் பார்த்தார்.

"யாரும் மாத்தி எழுதல சார்" என்றார் அவர். "இந்தப் பிள்ளை வரிசையா, சரியாத்தான் எழுதியிருக்கு. நம்பரு போட்டது நான். ஏசியில உக்காந்துக்கிட்டு, நாப்பது பிரேமு இருக்குண்டாக, ஒண்ணுல இருந்து நாப்பது வரைக்கும் போட்டேன். ஒரு தடவகூட ஷெட்டுக்குள்ள போயிப் பாக்கல. எல்லாரையும் பாத்தியா பாத்தியாண்டு கேக்குற நானே பாக்கல. ரிப்போர்ட்டுல அதையும் எழுதியிருக்கேன்."

மேனேஜர் மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். நிறுத்துகிற பட்டியலிலிருந்து முத்துப்பேச்சியின் பெயரை அடித்தார். ஃபிட்டரை விட்டு இருபத்து நாலைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். அடுத்த வாரம் பார்த்தபோது அதன் உருளைகள் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தன. "நம்பர ஒரு ஆள விட்டுச் சரிபாக்கச் சொல்லுங்க" என்றார் மேனேஜர். "நானே போறேன் சார்" என்றார் அவர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை ஷிப்ட் தொடங்கியதுமே என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கம்ப்யூட்டரம்மா ஷெட்டுக்குள் வருவதை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள். இரைச்சலுக்கு ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒன்றாம் பிரேமுக்குப் போய், அதன் மேல் பெயின்டில் எழுதியிருந்த எண்ணைத் தொட்டுப் பார்த்துத் தாளில் குறித்தார். இரண்டு. மூன்று. ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நடக்கிற வழிதான் இருந்தது. அங்கே கொஞ்சம் நின்றார். தலையில் பஞ்சு விழ ஆரம்பித்திருந்தது.

நாங்கள் பத்தில் இருந்தபோதே முத்துப்பேச்சி பார்த்துவிட்டாள். பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டது அவளுக்குத் தெரியாது. கையில் தாளோடு கம்ப்யூட்டரம்மாவே வருகிறார், பின்னால் நான் வருகிறேன். சனிக்கிழமைக்கு முன்னாலேயே அனுப்ப வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பாள். நேராக ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் துடித்தது. அவர் பதினொன்றில் குனிந்து எண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தார். ஒரு பிரேமையும் தாண்டவில்லை. நான் அவருக்குப் பின்னாலேயே நடந்தேன்.

பதினைந்தில் நாங்கள் இருந்தபோது முத்துப்பேச்சி அறுந்த நூல் ஒன்றை ஒட்டினாள். பதினெட்டில் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இருபத்தொன்றுக்கு நாங்கள் வந்தபோது, பிரேமின் ஓரத்தில் மாட்டியிருந்த தூக்குவாளியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

அவர் இருபத்து மூன்றின் எண்ணைத் தொட்டார். தாளில் குறித்தார். பிறகு நிமிர்ந்து, முத்துப்பேச்சியின் தோளைப் பிடித்து, காதருகே குனிந்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. முத்துப்பேச்சி வாளியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் அவள் பக்கத்தில் போனதும் என் காதைப் பிடித்து இழுத்துக் கத்தினாள்: "ஏடி, தப்பு அவுகளுதாம்டி! எங்கிட்ட வந்து சொல்றாகடி!"

நான் தலையை ஆட்டினேன். அவள் தூக்குவாளியை மாட்ட ஆணியைத் தேடினாள். இரண்டு தடவை தவறியது. நான் வாங்கி மாட்டினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் இருபத்தைந்துக்குப் போயிருந்தார்.